பங்குக் கிணற்றில் ஏறிய கடல்

ஆனி மாதம் பாதி கழிவதற்குள் நமசிவாயத்தின் வெங்காயத் தாள்கள் நுனி கருகத் தொடங்கின. பூச்சியின் வேலையன்று, பூஞ்சணமும் அன்று. அவர் கிணற்றடிக்குச் சென்று ஒரு கை நீரை அள்ளிக் குடித்தார். நீர் உவர்த்தது. கொப்பளித்துத் துப்பிவிட்டு, வேலிக்கு அப்பாலுள்ள குகதாசனின் தோட்டத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே பீற்றூட் கிழங்கின் இலைகள் ஒரு வாட்டமுமின்றித் தழைத்திருந்தன. அந்தத் தழைவே அவருக்கு முதற் சாட்சியாயிற்று.

அச்சுவேலிச் சந்தைக்கு மேற்கே இரண்டு மைற்கட்டை தூரத்திலுள்ள அத்தோட்டக் கிணறு இருவருக்கும் பொது. பாட்டனார் எழுதிய காணி உறுதிப் பத்திரத்திலே, அரைப்பங்கு மூத்த மகன் வழிக்கும் அரைப்பங்கு இளைய மகன் வழிக்கும் எனக் குறிக்கப்பட்டிருந்தது. மூத்தவர் வழியில் வந்தவர் நமசிவாயம்; இளையவர் வழியில் வந்தவன் குகதாசன். ஒருநாள் விட்டு ஒருநாள் இறைப்பு முறை. ஒருவருடைய முறைநாளில் மற்றவர் ஒரு வாளி நீர் மொள்வதும் களவே என்பது, எழுதப்படாவிடினும், மூன்று தலைமுறையாக இருபகுதியாரும் ஏற்றுக்கொண்ட சட்டம்.

"உவன் என்ரை முறையிலை இறைக்கிறான்" என்று நமசிவாயம் மனைவி பூரணத்திடம் கூறினார்.

"இறைச்சால் மிசின் சத்தம் கேட்காதே?"

"நான் சந்தைக்குப் போற நேரமாய்ப் பாத்து இறைக்கிறான்."

"நான் வீட்டிலைதானே இருக்கிறன். எனக்கும் காது கேட்காதெண்டு சொல்லுறியளோ?"

 ஐயம் விடையை எதிர்பார்த்து வளர்வதன்று. அவர் ஊர் உழவர்களின் கமக்காரர் சங்கத்துக்கு எழுத்திலே முறைப்பாடு கொடுத்தார். யூலை இருபத்தைந்தாந் திகதி கூட்டத்தில் விசாரிப்பதாகவும், குற்றம் மெய்யெனக் கண்டால் அப்போகம் முடியும்வரை குகதாசனின் இறைப்பு இயந்திரத்துக்குப் பூட்டுப் போடுவதாகவும் தலைவர் கோபிசங்கர் அறிவித்தார். கோடையில் இயந்திரம் பூட்டப்பட்ட தோட்டம் பத்து நாளில் சருகாகும். குகதாசன் அதை அறிவான். அன்றுமுதல் அவன் வேலிக்கரையில் நமசிவாயத்தைக் கண்டாற் காறித் துப்பினான்.

யூலை முதலாந் திகதி காலையில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண்ணொருத்தி முச்சக்கரவண்டியில் வந்து கிணற்றடியில் இறங்கினாள். கையிற் பல்கலைக்கழகத்துக் கடிதம் ஒன்றிருந்தது.

"ஐயா, என்ரை பேர் ஜெயனி. சொந்த இடம் பக்கத்திலை திருநெல்வேலிதான். இஞ்சை கம்பசிலைதான் படிச்சனான். இப்ப மோல்டாவிலை நிலத்தடித் தண்ணியைப் பற்றி ஆராயிற வேலை. எங்கடை கிணறுகளையும் அங்கத்தைக் கிணறுகளையும் ஒப்பிட்டுப் பாக்கிறம்."

"மோல்டாவோ? இத்தாலிக்கெண்டு வெளிக்கிட்ட பெடியள் வள்ளத்தோடை பிடிபடுற இடமெல்லோ?"

"ஓம் ஐயா, அந்தத் தீவுதான்."

"நீர் எப்பிடிப் போனீர்? வள்ளத்திலையோ?"

"பிளேனிலை" என்று அவள் சிரித்தாள்.

நமசிவாயம் சிரிக்கவில்லை. ஆட்களை வள்ளத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பும் முகவர்கள் இப்போது பெண்களையும் வேலைக்கு வைத்திருக்கக்கூடும் என்று அவர் எண்ணினார். ஆனால் அவள் ஆட்களைப் பற்றி எதுவும் வினவவில்லை. கிணறு வெட்டிய காலத்துக் கற்குவியலருகே குந்தியிருந்து, சிப்பி பதிந்த கல்லொன்றைத் தெரிந்தெடுத்து, சிறு பையிலிட்டு, அதன்மேல் ஏதோ எழுதினாள். உடனே அவருடைய ஐயம் திசைமாறியது.

"பிள்ளை, உந்தக் கல்லு என்னத்துக்கு? சீமெந்துக்கோ? காங்கேசன்துறையிலை கல்லுக் கிண்டின பள்ளம் இப்பவும் வாயைப் பிளந்துகொண்டு கிடக்குது. எங்கடை காணியிலையும் கிண்டுற எண்ணமெண்டால் இப்பவே சொல்லும்."

"சீமெந்துக்கில்லை ஐயா. இந்தக் கல்லும் மோல்டாக் கல்லும் ஏறக்குறைய ஒரே காலத்திலை பிறந்தது. ரெண்டும் ஒரு காலத்திலை கடலுக்கு அடியிலை படிஞ்ச சுண்ணாம்பு. ரெண்டு இடத்திலையும் ஆறில்லை. அங்கையும் மழை ஐப்பசி, கார்த்திகையிலைதான் பிடிக்கும்; கோடையிலை ஒரு துளி விழாது. பெய்யிற மழை கல்லு வெடிப்புக்காலை இறங்கி, நிலத்துக்குக் கீழை இருக்கிற கடல் தண்ணிக்கு மேலை மிதக்கும். அதைத்தான் அவையும் குடிச்சவை, நாங்களும் குடிக்கிறம்."

வேலிக்கு அப்பால் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு குகதாசன் கேட்டுக்கொண்டிருந்தான். அவனும் அவ்விடத்திற்கு வந்தான்; ஆயினும் நமசிவாயத்தின் முகத்தைப் பாராமல், அவளை நோக்கியே பேசினான்.

"தங்கச்சி, அந்தத் தீவைச் சுத்திக் கடல்தானே?"

"ஓம், மத்தியதரைக் கடல். அறுபது இலட்சம் வருசத்துக்கு முன்னம் அந்தக் கடலே பெரும்பாலும் வத்திப்போனது. அத்திலாந்திக்கிலையிருந்து தண்ணி வாற வாசல் அடைபட்டுப் போச்சுது. வெயில் குடிச்சுக் குடிச்சு, அடியிலை மைல் கணக்கிலை உப்புப் படிஞ்சது. பிறகு வாசல் திறந்து திரும்ப நிரம்பினது."

"கடல் வத்தினதாம்!" என்று குகதாசன் வாய்விட்டுச் சிரித்தான். "மீனெல்லாம் என்ன செய்தது? கருவாடாய்ப் போச்சோ?"

"இனி, வத்தின கடலுக்கை யானையும் நிண்டதாம் எண்டு சொல்லப்போறீர்" என்றார் நமசிவாயம்.

"நிண்டதுதான் ஐயா. அது பிறகு, வேறை காலத்திலை. கடல் மட்டம் இறங்கின நேரம் தரைவழியாய் வந்து, தீவிலை அகப்பட்டு, தீனி காணாமல் தலைமுறை தலைமுறையாய்ச் சிறுத்து, ஆட்டளவு ஆனது. எலும்பு குகைக்குள்ளை கிடக்குது. நானே பாத்தனான்."

எல்லைவேலிப் பிணக்கொன்றால் மூன்றாண்டுகளாக ஒரு சொல்லும் பரிமாறாத அவ்விருவரும், ஆட்டளவு யானை என்ற சொல்லைக் கேட்டு, ஒருவரையொருவர் ஒருகணம் பார்த்துக்கொண்டனர். இவள் பொய்க்காரி என்பதில் இருவருக்கும் ஒத்த கருத்தே இருந்தது. மறுகணம் முகங்கள் மீண்டும் விலகின.

ஜெயனி பையிலிருந்து விரல் நீளமான உருக்குக் குழாயொன்றை எடுத்தாள். மெல்லிய கம்பியிற் கட்டிக் கிணற்றில் இறக்கிவைத்தால், கால்மணித்தியாலத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தையும் உவரையும் அது தானே பதிந்துவைக்கும் என்றாள்.

"ஆராவது இறைச்சால் தெரியுமோ?" என்று நமசிவாயம் வினவினார்.

"எந்த நாள், எத்தினை மணிக்கு, எவ்வளவு நேரம் இறைச்சதெண்டு தெரியும். ஆரெண்டு அதுக்குத் தெரியாது."

"நாள் தெரிஞ்சால் ஆளைத் தெரியும்" என்றார் அவர். இரட்டைத் திகதிகள் அம்மாதம் அவருடைய முறை. ஒற்றைத் திகதிகள் குகதாசனுடையவை.

"இறக்கும் தங்கச்சி" என்றான் குகதாசனும். "கள்ளன் ஆரெண்டு ஊர் பாக்கட்டும்."

இவ்வாறு, ஒருவனைப் பிடிப்பதற்கென்றே மற்றவன் ஒப்புக்கொள்ள, அக்கருவி பங்குக் கிணற்றில் இறங்கியது. இரு பங்காளருக்கும் ஒவ்வொரு பிரதி தருவதாக அவள் வாக்களித்துச் சென்றாள்.

நமசிவாயம் வாளாவிருக்கவில்லை. கிணற்று நீர் கெட்டால், அடி தெரிய இறைத்துவிட வேண்டும். பழைய நீர் போனால் புதிய ஊற்று வரும். காகம் விழுந்து செத்தாலும், வெள்ளம் புகுந்தாலும், ஆண்டுக்கொருமுறை துப்புரவு செய்தாலும், அப்பகுதியார் எக்காலமும் செய்துவந்தது அதுவே. உவருக்கும் மருந்து அதுவாகவே இருக்கவேண்டும் என்பது அவர் துணிபு. ஆனால் குகதாசன் கண்டால், புதிய ஊற்று நீரைத் தன் முறையில் அள்ளிக்கொள்வான் என்ற அச்சமும் அவருக்கிருந்தது. ஆதலால் குகதாசன் பீற்றூட் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிச் சந்தைக்குப் போகும் நாள்களுள் தமக்குரிய முறைநாள்களையே தெரிந்துகொண்டார்.

நான்காந் திகதி காலையில் தம் இயந்திரத்தோடு இரவல் இயந்திரமொன்றையும் பூட்டினார். பதினொரு மணிக்குக் கிணற்றின் வெண்கல் அடி தெரிந்தது. வெடிப்புகளினூடே நீர் கொப்பளித்து ஏறக் கண்டு அவர் உள்ளம் குளிர்ந்தது. நிகழ்ந்ததை மறவாதிருக்கச் சுவரிலிருந்த நாட்காட்டியில் அத்திகதியைச் சுற்றி ஒரு வட்டம் இட்டார்.

மறுநாள் மாலை பூரணம் ஊற்றிய பாற்றேநீர் திரைந்தது.

"இஞ்சேருங்கோ, தண்ணி முந்தியைவிட மோசம்."

"புது ஊற்றிலை உவர் வராது. உவன் உப்புக் கொட்டியிருக்கிறான்."

"என்னது?"

"நேற்று அடி தெரிய இறைச்சதை ஆரோ சொல்லிப்போட்டினம். இண்டைக்கு அவன்ரை முறை. ஆனையிறவு உப்பு ரெண்டு மூட்டை கொட்டினாற் காணும்."

"அவனும் அதே தண்ணியைத்தானே பாய்ச்சிறான்? தன்ரை தலையிலை தானே மண் அள்ளிப் போடுவானோ?"

"என்ரை வெங்காயம் அழிஞ்சால் அவனுக்கு அது காணும். பீற்றூட்டைப் பார், வாடுதோ?"

பத்தாந் திகதியும் பதினாறாந் திகதியும் அவர் மீண்டும் அடி தெரிய இறைத்தார். நாட்காட்டியில் மேலும் இரு வட்டங்கள் விழுந்தன. நீரோ ஒவ்வொரு முறையும் முன்னையிலும் கடுமையாக உவர்த்தது. மூன்றாம் முறைக்குப் பின்னர் அவர் குகதாசனின் வண்டில் கொட்டகைப் பக்கமாக நடந்து, உப்புச் சாக்கு ஏதும் கிடக்கின்றதா என்று எட்டிப் பார்த்தார். உரச் சாக்குகளே கிடந்தன. உப்புச் சாக்குகளை மறைத்துவிட்டான் என்று முடிவுசெய்து திரும்பினார்.

கூட்டத்துக்கு முதல்நாள் ஜெயனி வந்து கருவியை மேலே இழுத்து, மடிக்கணினியிற் பொருத்தினாள். குகதாசன் சந்தைக்குப் போயிருந்தான். வருகின்ற வழியில் அவனுடைய மனைவி வெட்டிக்கொடுத்த இளநீரை அவள் குடித்திருந்தாள் என்பதைப் பூரணம் கண்டு கூறியிருந்தமையால், நமசிவாயம் முன்னரே உசாராக இருந்தார்.

திரையில் இரு கோடுகள் தோன்றின. நீலக்கோடு நீர்மட்டம், சிவப்புக்கோடு உவர். நீலக்கோடு நாள்தோறும் சிறிது தாழ்ந்து, சிறிது உயர்ந்தது. மூன்று இடங்களில் மட்டும் அது செங்குத்தாக விழுந்திருந்தது. விழுந்த ஒவ்வோரிடத்துக்கும் அடுத்து, சிவப்புக்கோடு ஒருபடி ஏறி, இறங்காமலே நின்றது.

"ஐயா, ஆரோ மூண்டு தரம் கிணத்தை முழுக்க இறைச்சிருக்கினம்."

"இறைச்சால் உவர் போகவெல்லோ வேணும்?"

"வேறை மண்ணிலை போகும். இஞ்சை போகாது. நல்ல தண்ணி கடல் தண்ணிக்கு மேலை மிதக்குதெண்டு சொன்னனானெல்லோ? மேலை ஒரு அடி குறைஞ்சால், கீழை கடல் நாப்பது அடி ஏறப் பாக்கும். அடி தெரிய இறைச்சால், கடலை நாங்களே வெடிப்புக்காலை உறிஞ்சி எடுக்கிறம். மோல்டாவிலையும் உதுதான் நடந்தது. உவர்த்தால் இன்னும் ஆழத்திலை நல்ல தண்ணி இருக்குமெண்டு ஆளுக்காள் துளை போட்டு உறிஞ்சிச்சினம். இண்டைக்கு அவை குடிக்கிற தண்ணியிலை பெரும்பங்கு கடல் தண்ணியை மிசினிலை வடிச்சு எடுக்கிறது."

"என்ரை வெங்காயம் கருக, அவன்ரை பீற்றூட் ஏன் கருகேல்லை? அதைச் சொல்லும்."

"பீற்றூட் உவரைத் தாங்கும். வெங்காயம் தாங்காது."

நமசிவாயம் திரைக்கு அருகே குனிந்து, இரு கோடுகளையும் உற்றுப் பார்த்தார். பின்னர், "உந்தப் படத்தைக் குகதாசன் கீறித் தந்தவனோ?" என்றார்.

அவள் முகம் சிவந்தது. "நான் அந்த ஐயாவோடை இன்னும் கதைக்கவே இல்லை. நாளையும் நேரமும் நீங்களே பாருங்கோ. நாலாந் திகதி காலமை ஏழேகாலுக்குத் தொடங்கி பதினொண்டு மட்டும். பத்தாந் திகதி. பதினாறாந் திகதி. மூண்டும் இரட்டைத் திகதி. ஒற்றைத் திகதியிலை ஒரு நாளும் ரெண்டு மணித்தியாலத்துக்கு மேலை இறைப்பு இல்லை. இரட்டைத் திகதியிலை ஒரு நாளும் ரெண்டாந்தரம் இறைப்புப் பதியவும் இல்லை."

அவர் எழுந்து வீட்டினுள்ளே சென்றார். நாட்காட்டியின் முன்னே நின்றார். நான்கு, பத்து, பதினாறு.

சந்தேகம் கொள்வதிலே தேர்ந்த அவருடைய அறிவு இப்போது தனக்கெதிராகவே வேலைசெய்தது. இத்திகதிகளைக் குகதாசன் அவளுக்குச் சொல்லியிருக்கலாமா? சொல்லியிருக்க முடியாது, அவன் ஊரில் இல்லாத நாள்களையே தாம் தேடித் தெரிந்தெடுத்திருந்தார். இயந்திரத்தை இரவல் தந்தவனோ, இளநீர் வெட்டிக்கொடுத்த அவன் மனைவியோ சொல்லியிருப்பார்களா? அவர்களுக்கு நாள் தெரியலாம். ஏழேகால் என்று நிமிடக் கணக்குத் தெரியாது. பூரணம்? பூரணம் அவளோடு ஒருவார்த்தையும் பேசவில்லை. அடைக்கக்கூடிய வழிகளை எல்லாம் அடைத்துப் பார்த்தபின், எஞ்சியவர் ஒருவரே.

வெளியே வந்து, "முதலே உவர்த்ததே, அது?" என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

"அது ரெண்டு பேருமாய்க் கூட இறைச்சதாலை வந்திருக்கலாம். அதோடை விட்டிருந்தால் மாரிக்கு மாறியிருக்கும். இப்ப ஏறினது இறங்க ஒரு மாரி காணுமோ தெரியாது. இனி மெல்ல மெல்லத்தான் எடுக்கவேணும். ஆளுக்கு ஒரு மணித்தியாலம். அதுக்கு மேலை ஒருக்காலும் வேண்டாம்." அவள் அச்சிட்ட தாளொன்றை அவரிடம் நீட்டினாள். "மற்றப் பிரதியைப் பின்னேரம் வந்து குகதாசன் ஐயாவிட்டைக் குடுக்கிறன்."

"திங்கட்கிழமை குடுத்தாற் போதாதோ?"

"ஏன் ஐயா?"

"ஒண்டுமில்லை. அவன் களைச்சுப்போய் வருவான்."

இம்முறை ஐயுற்றவள் அவள். அவரையும் தாளையும் மாறிமாறிப் பார்த்தாள். நாளைக் கூட்டத்தைப் பற்றி அவளுக்கு எவரும் கூறியிருக்கவில்லை. "சரி, திங்கள்" என்று சொல்லிப் போய்விட்டாள்.

பூரணம் அடுக்களை வாசலில் நின்றாள்.

"நாளைக்கு அவன்ரை மிசினுக்குப் பூட்டுப் போடட்டும், திங்கட்கிழமை தாளைக் குடுப்பம், அப்பிடியோ?"

"அவன்ரை மிசினைப் பூட்டினால் கிணறு பாதி நேரம் ஆறும். இன்னும் மூண்டு கிழமையிலை வெங்காயம் கிண்டிப்போடலாம்."

"கிண்டுங்கோ. அந்த வெங்காயத்திலை ஒண்டும் இந்தக் குசினிக்கை வரவேண்டாம்."

அவள் உள்ளே மிஞ்சியிருந்த வெங்காயக் கூடையைத் தூக்கி முற்றத்தில் வைத்துவிட்டுப் போனாள். 

மறுநாள் பிற்பகல் சங்கக் கட்டடத்தில் இருபது பேரளவில் கூடியிருந்தனர். தலைவர் கோபிசங்கர் முறைப்பாட்டை வாசித்தார். மேசைமீது புதிய பூட்டு இருந்தது. குகதாசன் கைகளைக் கட்டிக்கொண்டு, "நான் ஒரு வாளி கூடக் கள்ளமாய் எடுக்கேல்லை. நல்லூரானாணை! அந்தத் தங்கச்சியின்ரை தாள் இன்னும் என்ரை கைக்கு வரேல்லை!" என்றான். எவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மூத்தவர் எழுத்திலே கொடுத்த முறைப்பாட்டுக்கு எதிரே ஒரு சத்தியம் எடைநிற்காதென்பது அவர்களுடைய தோற்றத்திலேயே தெரிந்தது.

"நமசிவாயம் அண்ணை, நீங்கள் ஏதும் சொல்லுறியளோ? இல்லாட்டி முடிவெடுப்பம்" என்றார் கோபிசங்கர்.

நமசிவாயம் எழுந்தார். சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்து மேசைமீது வைத்து விரித்தார்.

"முறைப்பாடு பிழை. அவன் என்ரை முறையிலை இறைக்கேல்லை. இதிலை விழுந்து கிடக்கிற மூண்டு நாளும் நான் இறைச்ச நாள். உவரைப் போக்க எண்டு அடி தெரிய இறைச்சன். அது கடலை இழுத்துப்போட்டுது. பூட்டை என்ரை மிசினுக்குப் போடுங்கோ."

ஒருவர் இருமினார்.  அனைவரும் குகதாசனை நோக்கினர். அவன் கட்டிய கைகளை அவிழ்க்கவுமில்லை, மகிழவுமில்லை. கண்களை இடுக்கிக்கொண்டு அண்ணனை அடிமுதல் முடிவரை பார்த்தான்.

"தலைவர், உதிலை ஏதோ கிடக்குது."

"என்ன கிடக்குது? உன்னிலை குற்றமில்லையெண்டு அவரே சொல்லுறார்."

"அதுதான் எனக்கு விளங்கேல்லை. நமசிவாயம் அண்ணை தன்ரை வாயாலை தன்ரை மிசினைப் பூட்டச் சொல்லுறாரெண்டால், அவருக்கு இனி தண்ணி தேவையில்லை. ஏன் தேவையில்லை? காணியை ஆரோ கல்லுக் கிண்டுறவனுக்குப் பேசி முடிச்சிட்டார். அந்த மோல்டாக்காரி கல்லுப் பொறுக்கினதை நான் என்ரை கண்ணாலை பாத்தனான்!"

"டேய், நான் காணி விக்கேல்லையடா!"

"அப்ப ஏன் வெங்காயத்தைச் சாக விடுறியள்? கமக்காரன் செய்யிற வேலையோ உது?" குகதாசன் தலைவரை நோக்கித் திரும்பினான். "பூட்டு வேண்டாம். அவர் இறைக்கட்டும். நான் பக்கத்திலை நிண்டு பாப்பன். தோட்டம் செய்யிறாரோ, கல்லு அளக்கிறாரோ எண்டு எனக்குத் தெரியவேணும்."

கோபிசங்கர் தாளின் அடியில் ஜெயனி எழுதியிருந்த அறிவுரையை வாசித்தார். ஆளுக்கு ஒரு மணித்தியாலம், அதற்குமேல் இல்லை, ஒருவர் இறைக்கையில் மற்றவர் நின்று பார்க்கவேண்டும் என்று தீர்மானம் எழுதப்பட்டது. இறுதி வாசகம் குகதாசனின் வற்புறுத்தலினாலே சேர்க்கப்பட்டதாகும்.

மறுநாட் காலை ஆறு மணிக்கு நமசிவாயம் இயந்திரத்தை இயக்கினார். கிணற்றுக்கட்டின் மறுபுறத்தில் குகதாசன் குந்தியிருந்து, கைத்தொலைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மணித்தியால நீர் வெங்காயத்தின் எட்டு வரிசைக்கும் போதாது. நான்கு வரிசைக்குக் காணும். எந்த நான்கு என்பதை நமசிவாயம் முதனாளே வரம்பில் நடந்து தீர்மானித்திருந்தார். கிழக்கு நான்கின் வாய்க்காலை மண்ணால் அடைத்தார். அடைத்த மண்ணின்மேல் மண்வெட்டியின் பின்புறத்தால் இருமுறை தட்டினார். பூரணம் மேற்குப் பாத்திகளுக்கு நீரை மடைமாற்றி விட்டாள்.

"உங்காலை ஏன் தண்ணி விடேல்லை?" என்று குகதாசன் கத்தினான்.

"காணாதடா."

"காணாதோ, வேண்டாமோ?"

"காணாது."

ஏழு மணியானதும் இயந்திரம் நின்றது. குகதாசன் கிணற்றினுள் எட்டிப் பார்த்தான். பின் வாளியை இறக்கி, ஒரு வாய் மொண்டு குடித்துப் பார்த்துத் துப்பினான்.

"அதே உவர்தான்" என்றான்.

"ஒரு நாளிலை மாறுமோ?"

"மாறாட்டி அந்தப் பெட்டையும் பொய், நீங்களும் பொய்."

"நாளைக்கு உன்ரை முறை. நானும் வந்து நிப்பன்" என்றார் நமசிவாயம். "ஏழுக்கு மேலை ஒரு நிமிசம் ஓடினாலும் சங்கத்துக்கு எழுதுவன்."

"எழுதுங்கோவன்" என்று சொல்லிக் குகதாசன் தன் தோட்டத்தை நோக்கி நடந்தான். பாதிவழியில் நின்று, அடைபட்ட கிழக்கு நான்கு வரிசைகளையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பின்னர் அவற்றின் அருகே வந்து குனிந்து, கருகிய தாளொன்றைப் பிடுங்கி, மணந்து, உவரால்தான் கருகியதென்பதை இன்னமும் நம்பாதவனாய் அதைத் தன் மடியிற் செருகிக்கொண்டு போனான்.